செல்ஃப் எடுக்காத அம்பாசிடர்

(தென்காசியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்.)



பத்தாம் வகுப்பு ‘மின்னோட்டவியல்’ பாடத்தை எப்படி நடத்துகிறேன் என்று அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு காரைப் பற்றிப் பேசப் போகிறேன். காலையில் உள்ளே வரும்போது வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளை அம்பாசிடர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ பெரிய அதிகாரி வந்துவிட்டார் என்று இரண்டு பேர் அவசரமாக வருகைப் பதிவேட்டைத் தேடினார்களாம். அது என் வண்டிதான், பயப்பட வேண்டாம்.

1984-ஆம் வருடத்து வண்டி. என் அப்பா தென்காசியில் வாடகைக்கு ஓட்டியது. மேற்கு வங்கத்தில் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1958-இலிருந்து 2014 வரை இந்த அம்பாசிடர் செய்யப்பட்டது. அச்சு இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். விளக்கு மாறியது, முன்பக்கக் கிராதி மாறியது, எஞ்சின் கூட மாறியது. உடம்பு கடைசிவரை ஏறக்குறைய அதேதான். சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு ஒரே வண்டியில் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போனவர் அப்பா. அவர் காலமான பிறகு விற்க மனம் வரவில்லை. வீட்டில் இதுபற்றி வேறு கருத்து உண்டு. அதற்குள் நான் போகவில்லை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றவே இல்லை என்பது ஒன்று. நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவது என்றால் பெட்ரோல் வருகிறதா, பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். காயில், காண்டாக்ட் பாயிண்ட், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்று அது தனிப் பாதை. குற்றாலச் சாரலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கி வண்டி பிடிக்காமல் போவது இந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதி சரியாகிவிடும். அந்தப் பழைய டிஸ்ட்ரிபியூட்டர்களில் பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. அப்பா அதைக் கண்ணாலேயே பார்த்து வைத்துவிடுவார்.

எனக்கு வந்தது முதல் நோய். ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்பார்களே, அது.

நான்கு வருடத்துக்கு முன் ஓர் ஆடி மாதம். ஊரிலிருந்து மச்சினர் குடும்பம் வந்திருந்தது. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். நல்ல சாரல். குளித்துவிட்டு, நனைந்த துண்டும் ஈரத் தலையுமாக ஏறி உட்கார்ந்தார்கள். சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் எஞ்சின் ஒரு முனகல் முனகி நின்றது. பின்னால் நிற்கிற வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். மச்சினர் ரொம்ப மரியாதையாக, “மாப்ள, ஆட்டோ பிடிச்சிருவோமா?” என்று கேட்கிறார்.

எனக்கு அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். காரணம், இதே கோளாறுக்காக அந்த வருடம் இரண்டு முறை செலவு செய்திருந்தேன். முதல் முறை ஒரு பட்டறையில் ‘பேட்டரி வீக் சார்’ என்றார்கள். புது பேட்டரி போட்டேன். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. பிறகு மறுபடியும் ‘டக்’. ‘அப்போ செல்ஃப் மோட்டார்தான்’ என்றார்கள். கழற்றி, பிரஷ் மாற்றி, புஷ் மாற்றி மாட்டினார்கள். அதுவும் சில வாரம் ஓடியது. மொத்தம் பன்னிரண்டாயிரத்தை ஒட்டி ஆகியிருந்தது. நானும் பி.எட். முடித்து இத்தனை வருடம் ஓம் விதி நடத்திய ஆள்தான். ஒருமுறையாவது அளந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நாளைக்கென்று மட்டும் பையில் மல்டிமீட்டர் எடுத்து வைத்திருந்தேன்.

சாரலில் பானெட்டைத் தூக்கிக் குடை பிடித்துக்கொண்டு அளந்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கிற பேட்டரி அதைத்தான் காட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து சோலனாய்டுக்கு வருகிற தடித்த கேபிளின் முனையில் வைத்தேன்: 12.6. எஞ்சின் மேல் ஒரு முனையை வைத்து அளந்தேன்: அதுவும் 12.6. ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று மச்சினரிடம் அறிவித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வண்டி மட்டும் ஓடவில்லை.

அப்போதுதான், “சார், இங்க நிக்கீய?” என்று ஒரு குரல். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். பெயர் இங்கே வேண்டாம். வகுப்பில் ‘அவன்’, இன்று ஒரு வேலைக்காரர், ‘அவர்’ என்றே சொல்கிறேன். பைக்கில் யாரையோ கொண்டுவந்து விட வந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“சார், ஹெட்லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்புங்க” என்றார். திருப்பினேன். ‘டக்’. விளக்கு ஏறக்குறைய அப்படியே எரிந்தது. “லைட்டு மங்கலைன்னா கரண்டு பேட்டரிய விட்டு ஒழுங்கா வெளியவே போவலன்னு அர்த்தம்” என்றார். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிற சாதனம். அது உண்மையாக இழுத்தால் பேட்டரி தளர்ந்து விளக்கு மங்கத்தான் வேண்டும். ஒரேயடியாக அணைந்துபோனால் பேட்டரி முனையிலேயே கோளாறு, அல்லது பேட்டரி செத்துவிட்டது. நன்றாக மங்கி, மோட்டாரும் சுற்றாவிட்டால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது மோட்டார் எங்கோ சிக்கியிருக்கிறது. மங்காமல் நின்றால் போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ ஏதோ ஒன்று மின்னோட்டத்தை மறிக்கிறது. கருவி எதுவும் இல்லாமல், கண்ணாலேயே மூன்று நோயைப் பிரித்துவிட்டார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் வியப்பு. டேஷ்போர்டிலிருந்து கார்பரேட்டருக்குப் போகிற சோக் கேபிள் இருக்கிறதே, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, “இப்ப ஒரு தடவ திருப்புங்க” என்றார். திருப்பினேன். “சார், சுடுது.”

சோக் கேபிளில் எதற்கு மின்சாரம்? அது வெறும் இழுவைக் கம்பி. அந்த இடத்தில்தான் எனக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது. நேர் முனையிலிருந்து மோட்டாருக்கு வருகிற தடித்த கேபிளை நாம் எல்லாரும் பார்க்கிறோம். திரும்பிப் போகிற வழியை யாரும் பார்ப்பதில்லை. மோட்டார் எஞ்சினில் பொருத்தப்பட்டிருக்கிறது; எஞ்சின் வழியாக மின்னோட்டம் பாடிக்கு வந்து, பாடியிலிருந்து பேட்டரியின் எதிர் முனைக்குப் போக வேண்டும். ஆனால் எஞ்சின் பாடியைத் தொடுவதே இல்லை. அதிர்வு தெரியாமல் இருக்க ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்கடத்தி அல்ல என்று ஏழாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். ஆகவே எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே செம்புக் கம்பியால் பின்னிய ஒரு பட்டை போட்டிருப்பார்கள். எர்த் பட்டை என்பார்கள். அது கெட்டுப்போனால், நூறு ஆம்பியர் வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் தொடுகிற உலோகம் வேறென்ன இருக்கிறது? சோக் கேபிள். அந்த மெல்லிய கம்பி வழியாகத்தான் அத்தனை மின்னோட்டமும் நெருக்கியடித்துக்கொண்டு போகப் பார்த்திருக்கிறது.

“மீட்டர எங்க வைக்கணும்னு நான் சொல்லட்டா சார்?” என்றார். கறுப்பு முனையை பேட்டரியின் எதிர் முனையில், மேலே மாட்டியிருக்கிற கட்டையில் அல்ல, ஈய முனையிலேயே வைக்கச் சொன்னார். சிவப்பு முனை எஞ்சின் மேல், பெயின்ட் இல்லாத இடத்தில். மீட்டர் பூஜ்யம் காட்டியது. மச்சினரை உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னோம். பூஜ்யம் தாவி 5.8 ஆனது. சாவியை விட்டதும் பூஜ்யம்.

கீழே குனிந்து பட்டையைத் தொட்டுப் பார்த்தோம். பாதி இழைகள் அறுந்து, மீதி பச்சைக் களிம்பு பிடித்து, பாடியில் மாட்டியிருந்த போல்ட்டுக்கு அடியில் துரு. அவர் ஒரு வேன்காரரிடம் ஜம்பர் கேபிள் வாங்கி, பேட்டரியின் எதிர் முனையிலிருந்து எஞ்சினுக்கு நேராகப் போட்டார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமிக்கொண்டு பிடித்தது. பின்சீட்டில் குழந்தைகள் கைதட்டினார்கள்.

இப்போது அந்த 12.6-க்கு வருகிறேன். நான் அளந்தபோது எல்லா இடத்திலும் 12.6 ஏன் வந்தது? மின்னோட்டம் ஓடாதபோது அளந்தேன், அதனால். மின்தடையில் விழுகிற மின்னழுத்தம் I பெருக்கல் R. இதில் I பூஜ்யம் என்றால் தடை எவ்வளவு இருந்தாலும் விழுவது பூஜ்யம். அறுந்துபோகிற நிலையில் இருக்கிற இணைப்பும், புத்தம் புது இணைப்பும் மீட்டருக்கு ஒன்றுதான். கணக்காகவே பார்ப்போம். 12 வோல்ட் பேட்டரி. கேபிள், மோட்டார் எல்லாம் சேர்ந்த தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால், சுற்ற ஆரம்பிக்கிற கணத்தில் 120 ஆம்பியர். எர்த் பட்டையில் இன்னொரு 0.1 ஓம் தொடரிணைப்பாகச் சேர்ந்தால் 60 ஆம்பியர். பன்னிரண்டு வோல்ட்டில் ஆறு வோல்ட் அந்தத் துருப்பிடித்த போல்ட்டிலேயே காலி. 60-ஐ ஆறால் பெருக்குங்கள்: 360 வாட். அத்தனையும் அந்த ஓர் இணைப்பில் வெப்பமாகப் போகிறது. மோட்டார் சுற்ற ஆரம்பித்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், பின்னியக்கு மின்னழுத்தம் வந்து சேரும். பத்தாம் வகுப்புக்கு அது வேண்டாம்.

0.1 ஓமைத் தடை அளக்கிற பக்கம் வைத்து அளக்கலாமே என்று யாராவது கேட்கலாம். முடியாது. நம்மிடம் இருக்கிற மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே அவ்வளவு தடை காட்டும். சுமையை ஏற்றிவிட்டு, எங்கே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்ப்பதுதான் வழி. நல்ல எர்த் இணைப்பில் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும்; ஒரு வோல்ட்டைத் தாண்டினால் தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.

சில புதிர்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவிழ்ந்தன. தள்ளிவிட்டால் வண்டி எப்போதும் பிடித்ததே, ஏன்? காயிலுக்குத் தேவை மூன்று நான்கு ஆம்பியர்தான். அதற்கு 0.1 ஓம் ஒரு பொருட்டே அல்ல, அரை வோல்ட் கூட விழாது. ‘டக்’ சத்தம் ஏன் வந்தது? எங்கள் வண்டியில் சோலனாய்டு பாடியில் பொருத்தியது. அதன் திரும்பும் வழி எஞ்சின் வழியாக இல்லை. விளக்கும் ஹாரனும் அப்படியே. புது பேட்டரி இரண்டு மாதத்தில் தளர்ந்தது ஏன்? அப்பா பிற்காலத்தில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருந்தார். அதுவும் எஞ்சினில்தான் இருக்கிறது. சார்ஜ் ஆகிற மின்னோட்டமும் அதே பட்டை வழியாகத்தான் சுற்றி வர வேண்டும். 10 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட் அங்கேயே போய்விடும். 14 வோல்ட் கிடைக்க வேண்டிய பேட்டரிக்கு 13. அது எப்படி நிறையும்? கோளாறால் பேட்டரி கெட்டது. நாங்கள் பேட்டரியைக் கோளாறு என்றோம்.

பட்டை கெட்டதற்குக் காரணமும் நான்தான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா பேட்டரி முனைகளையும் எர்த் பட்டையையும் கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீரில் கழுவி, உப்புத்தாள் போட்டு, வாசலின் தடவி மாட்டுவார். அதன் பிறகுதான் பூஜை. நான் சந்தனமும் குங்குமமும் மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன்.

காரின் கதை ஏறக்குறைய இவ்வளவுதான். உங்களிடம் சொல்ல வந்தது இனிமேல்தான்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, எதிரே கடையில் டீ சாப்பிட்டோம். நான் வாத்தியார் புத்தியில், பில்லின் பின்பக்கத்தில் கணக்கு எழுதினேன். “பேட்டரி 12 வோல்ட், தடை 0.1 ஓம். எவ்வளவு கரண்டுப்பா?” கொஞ்சம் யோசித்தார். “சூத்திரம் V-ய R-ஆல வகுக்கணும். 12-ஐ 0.1-ஆல வகுத்தா 1.2 சார்.”

ஒரு நிமிடத்துக்கு முன்னால் எர்த் பட்டையைக் கண்டுபிடித்த மனிதர். “1.2 ஆம்பியரா? அதுக்கா இவ்வளவு தடிமன்ல கேபிள் போட்டிருக்கான்?” என்று கேட்டேன். சிரித்தார். “கேபிளப் பாத்தா நூறுக்கு மேலன்னு தெரியுது சார். ஆனா கணக்குல 1.2-ன்னுதான் வரும். பரீட்சையிலயும் அப்படித்தான் எழுதினேன். நீங்க தப்பு போட்டீய.”

நான் போட்டிருப்பேன். அது எனக்கு நினைவில்லை. அவரை மெல்லக் கற்போர் பட்டியலில் வைத்தது நினைவிருக்கிறது. ‘உனக்குக் கணக்கு வராதுப்பா, ஒரு மதிப்பெண் வினாவும் வரையறையும் மனப்பாடம் பண்ணிக்கோ, அது போதும்’ என்று சொன்னது நினைவிருக்கிறது. மாலை வகுப்பில் ஓம் விதிக் கணக்கையே பத்து முறை எழுதச் சொன்னதும் நினைவிருக்கிறது. பேட்டரியை மாற்றியிருக்கிறேன், செல்ஃப் மோட்டாரைக் கழற்றியிருக்கிறேன். அவருக்கு ஓம் விதியில் எந்தக் கோளாறும் இல்லை. தசம எண்ணால் வகுப்பதில் இருந்தது. அது என் பாடமே இல்லை என்பதால் அந்தப் பக்கம் நான் மீட்டரை வைக்கவே இல்லை. அந்த வருடம் அவர் அறிவியலிலும் கணக்கிலும் தேறவில்லை. அதன் பிறகு படிப்பைத் தொடரவில்லை.

“12 மீட்டர் ஒயர் இருக்கு. 10 சென்டிமீட்டர் துண்டா வெட்டினா எத்தனை துண்டு?” என்று கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்னே, “நூத்திருபது” என்றார். “அதே கணக்குதாம்ப்பா இது” என்று பில்லைக் காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இத அப்பவே இப்படிக் கேட்டிருக்கலாம்லா சார்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. டீக்கும் அவரே காசு கொடுத்தார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் விடைத்தாள் திருத்தம் மாறிவிட்டது என்று பெருமையாகச் சொல்ல முடியாது. நூறு தாள் கட்டு வந்து குவிந்தால் நானும் உங்களைப் போலத்தான். ஆனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கணக்கு தவறாக இருந்தால் விடையின் மேல் பெருக்கல் குறி போடுவதில்லை. எந்த வரியில் மின்னழுத்தம் விழுந்தது என்று தேடி அந்த வரியில் ஒரு புள்ளி வைக்கிறேன். சூத்திரம் சரி, பிரதியிட்டது சரி, வகுத்ததில் விழுந்தது. அல்லது மில்லி ஆம்பியரை ஆம்பியராக மாற்றியதில் விழுந்தது. அல்லது கேள்வியில் ‘பக்க இணைப்பு’ என்ற சொல்லைப் படித்ததிலேயே விழுந்தது. முதல் தடவை இப்படிப் பார்த்தபோது, மின்னோட்டவியல் வரவில்லை என்று நான் நினைத்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் தசமத்திலும் பின்னத்திலும்தான் நின்றிருந்தார்கள். கணித ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர், “எங்க வகுப்புல நல்லாத்தான் சார் போடுறாங்க” என்றார். அதுவும் உண்மை. அவர் கொடுக்கிற கணக்கில் வகுத்தல் மட்டும் இருக்கிறது. என் கணக்கில் சூத்திரம், அலகு, தமிழ் வாக்கியம் எல்லாம் சேர்ந்து சுமை ஏறுகிறது. சுமை ஏறினால்தான் அந்த இணைப்பு விழுகிறது. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் வகுப்பே ‘புரிந்தது சார்’ என்கிறதே, அது என்னுடைய 12.6.

இந்த இடத்தில் ஜார்ஜ் சைமன் ஓமைப் பற்றி ஒரு வார்த்தை. பூட்டுத் தொழிலாளியின் மகன். 1817 முதல் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். பள்ளி ஆய்வகத்தில்தான் சோதனை செய்தார். முதலில் வோல்டா மின்கலத்தை வைத்து அளந்தபோது அளவு நிலையாக நிற்கவில்லை. மின்கலம் வேலை செய்யச் செய்யத் தளர்ந்துகொண்டே வந்தது. பிறகு பாகெண்டார்ஃப் சொன்ன யோசனைப்படி வெப்ப மின்னிரட்டையை வைத்து அளந்தார். அளவுகள் ஒழுங்குக்கு வந்தன. புத்தகம் 1827-இல் வந்தது. அவர் நாட்டில் பலகாலம் அதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 1841-இல் இலண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. பாடப்புத்தகத்தில் அவர் பெயரோடு ஒரு நேர்க்கோட்டு வரைபடம் இருக்கிறது. அந்தக் கோடு நேராக வருவதற்கு ஒரு வாத்தியார் பட்ட பாடு அதில் இல்லை. பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கேட்பார்கள்.

கார் இல்லாத பள்ளியில் இதை எப்படிக் காட்டுவது? இரண்டு டார்ச் செல், ஒரு டார்ச் பல்பு, இரண்டு பக்கமும் சீவிய ஒரு பென்சில் போதும். பென்சில் கரி வழியாக வோல்ட்மீட்டரை மட்டும் இணையுங்கள். ஏறக்குறைய 3 வோல்ட், முழுசாகக் காட்டும். ‘இணைப்பு நல்லா இருக்கா?’ என்று கேளுங்கள். ‘நல்லா இருக்கு சார்’ என்பார்கள். இப்போது அதே பென்சில் வழியாக பல்பை இணையுங்கள். மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. பல்பு இணைந்திருக்கும்போதே வோல்ட்மீட்டரைப் பென்சிலின் இரு முனையிலும் வையுங்கள். காணாமல் போன வோல்ட் அங்கே உட்கார்ந்திருக்கும். என் வகுப்பில் ஒரு பெண், ‘சார், பென்சில் பல்போட வோல்ட்டத் திருடிருச்சு’ என்றாள். தொடரிணைப்புக்கு இதைவிட நல்ல வரையறை எனக்குத் தெரியாது.

மதியம் வண்டியிலேயே செய்து பார்க்கப் போகிறோம். சில எச்சரிக்கைகள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். காயிலின் நடு ஒயரைக் கழற்றி எஞ்சினில் தொடுமாறு மாட்டிவிடுவோம். அப்போதுதான் எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது, மோட்டார் சூடாகிவிடும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. பேட்டரியைக் கழற்றுவதானால் பாடியோடு இணைந்த முனையை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மற்ற முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்ட கணத்தில் முழு மின்னோட்டமும் ஸ்பேனர் வழியாகப் பாயும். காரணத்தைச் சுற்று வரைந்து பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள், நல்ல வினா. உங்களில் யாரிடமாவது இதைவிடப் பழைய வண்டி இருந்தால் இன்னொரு விஷயம்: அறுபதுகளின் நடுப்பகுதிவரை பல பிரிட்டிஷ் கார்களில் நேர் முனையைத்தான் பாடியோடு இணைத்திருந்தார்கள். எந்த முனை எர்த் என்று பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

எர்த் பட்டை புதிது போட்டாயிற்று. விலை பழைய செலவோடு ஒப்பிட்டால் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இன்று காட்டுவதற்காகப் பழைய பட்டையையும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறேன். முதலில் பழையதை மாட்டி அளப்போம், பிறகு புதியதை. செய்து காட்டப் போவது நான் இல்லை, அவர்தான். பட்டறையை அரை நாள் மூடிவிட்டு வருகிறார். இந்த வருடம் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத விண்ணப்பம் வாங்கியிருக்கிறார். எழுதுவாரா என்று கேட்டால், ‘பாப்பம் சார்’ என்கிறார். வண்டியைப் பற்றி எதை வேண்டுமானாலும் அவரிடம் கேளுங்கள். தசம வகுத்தல் மட்டும் கேட்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். ஆனால் இப்போது அதுவும் போடுவார்.

சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு மரத்தடிக்கு வந்துவிடுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வாருங்கள்.